மூடாக்கு போட்ட டிரம்

பம்பாய் முழுக்கக் கழித்துப்போட்ட பிளாஸ்டிக்கும் அட்டையும் தகரமும் தாராவிக்குத்தான் வந்து சேரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் மாட்டுங்காவிலிருந்து ஒரு பை நிறைய மரத்துச் சருகை, பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த ஒரே ஆள் கனகவள்ளியாகத்தான் இருக்க வேண்டும். பை என்னவோ பட்டுப்புடவைக் கடைப் பைதான். பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி ஆசையாக எட்டிப் பார்த்துவிட்டு, உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கனகவள்ளிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. காய்ந்த பாதாம் இலை நசுங்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவள் கவலை.

மாட்டுங்காவில் ஒரு புடவைக் கடைக்கு ஃபால் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. தைத்ததைக் கொடுத்துவிட்டு, தைக்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், தெருவோர மரங்களுக்கடியில் பெருக்கிக் குவித்திருக்கும் சருகில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வாள். பெருக்குகிறவர்கள் ஆரம்பத்தில் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு அவர்களே ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார்கள்.

அவள் குடியிருந்த சந்து வீடுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டடம் எழுப்பியபோது சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடு கொடுத்தார்கள். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் காலமெல்லாம் குடியிருந்தவர்களில் ஒருத்தி மேலே போனாள், இன்னொருத்தி கீழே போனாள். பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் தனக்கு வந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு புறநகர்ப் பக்கம் கல்யாணுக்கே போய்விட்டாள். கனகவள்ளிக்கு ஏழாம் மாடி விழுந்தது. குழாயடிச் சண்டை இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை, மழைக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டாம். கொடுத்துவைத்தவள் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கொடுப்பினையில் ஒரே ஒரு குறைதான். கதவைச் சாத்தினால் உள்ளே அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

புருஷன் சுயம்பு கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுவதைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஷர்மிளா கல்யாணமாகி புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பாள். கேட்கும்போதே கண் வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கும். குறை சொல்ல முடியாது, வேலை அப்படி. ஆனாலும் போனை வைத்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஏழாம் மாடி நடையின் கடைசிக் கதவு கனகவள்ளியுடையது. அதற்கப்பால் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாகக் கட்டிய ஜாலிச் சுவர். மத்தியானத்துக்கு மேல் வெயில் அதன் வழியாக நடைக்குள் வந்து விழும். அங்கேதான் அவள் தோட்டம். குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் வாங்கிய மண் தொட்டிகளில் துளசி, ரோஜா, பிச்சி. பழைய டிரம் அறுக்கிற கடையில் சொல்லிப் பாதியாக அறுத்து வாங்கிய நீல பிளாஸ்டிக் டிரம்மில் கறிவேப்பிலை.

அந்தக் கறிவேப்பிலைதான் அவள் சொத்து. விரலளவுக் கன்றாக வந்தது இன்று அவள் உயரத்துக்கு நின்றது. மாடி முழுக்கத் தாளிக்கலாம், அத்தனை இலை. பழைய சந்தாக இருந்தால் இதற்குள் மொட்டையடித்திருப்பார்கள். இங்கே ஒருவரும் வந்து ஒரு கொத்து கேட்டதில்லை. கேட்காமல் பறித்தாலாவது ஒரு சண்டை போடலாம். அதற்கும் வழி இல்லை.

எதிர்க் கதவு சஃபீனாவுடையது. நாற்பதை ஒட்டிய வயது. புருஷன் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தான், காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். கனகவள்ளிக்கும் சஃபீனாவுக்கும் பேச்சு உண்டு. "பானி ஆயா க்யா?" என்று இவள் கேட்பாள். "ஆயா, ஆயா" என்று அவள் சொல்வாள். "லிஃப்ட் பந்த்?" "பந்த்." ஒரு வருஷத்துக்கு மேலாகியும் தண்ணீரையும் லிஃப்ட்டையும் அவர்கள் தாண்டவில்லை. கனகவள்ளியின் இந்தி காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் மட்டும் ஓடும், அதற்கப்பால் நொண்டும். எதிராளியின் இந்தியும் அப்படியொன்றும் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. தன் நொண்டலை மறைப்பதிலேயே குறியாக இருப்பவளுக்கு அடுத்தவள் நொண்டுவது எங்கே கண்ணில் படும்?

வீட்டுக்குள் தமிழ்ப் பேச்சு என்றால் அது போனில் வருகிற மாடித்தோட்டக்காரர்தான். கோயம்புத்தூர் பக்கத்து ஆள். "வணக்கம் உறவுகளே" என்று ஆரம்பிப்பார். "வாங்க வாங்க" என்பாள் கனகவள்ளி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். சத்தத்தை முழுசாக வைத்துக்கொள்வாள். சொன்னதையே சொல்கிற மனுஷன்தான், ஆனால் அலுக்காத குரல். உரம், பூச்சி, மண்புழு எல்லாம் பேசுவார். அவர் உயிரை விட்டுப் பேசுவது மூடாக்கைப் பற்றி.

"மண்ண வெறும் மேனியா வெயில்ல போடாதீங்க உறவுகளே. காட்டுல எந்த மரத்தடியிலயாவது வெறும் மண்ணு பாத்திருக்கீங்களா? மேல ஒரு போர்வை வேணும். சருகு, வைக்கோல், தேங்காய் நாரு, எது கெடச்சாலும் போடுங்க. ஈரம் நிக்கும், களை வராது, மண்ணு குளுந்து கெடக்கும், மக்குனா அதுவே உரம்."

கனகவள்ளி போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஓடு மாதிரி இறுகிக் கிடந்த மண் விரல் விட்டால் உள்ளே போனது. எங்கிருந்து வந்ததோ, ஏழாம் மாடியில் மண்புழு நெளிந்தது. களை பிடுங்கும் வேலை ஒழிந்தது. காலையும் மாலையும் தண்ணீர் கேட்ட செடிகள் நாலு நாளைக்கு ஒரு தடவை போதும் என்றன. அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் மிச்சம், முதுகுக்கும் ஓய்வு. ஆனால் காலையும் மாலையும் குவளையோடு நடையில் நின்ற நேரமும் அதோடு போயிற்று. நடையில் நின்றால்தானே எதிர்க் கதவு திறக்கும்போது பானி ஆயா க்யா என்றாவது கேட்கலாம்? அந்த நஷ்டத்தை அவள் அப்போது பார்க்கவில்லை.

வைகாசியில் ஊரில் கோயில் கொடை வந்தது. தாராவித் திருநெல்வேலிக்காரர்களுக்கு மே மாதம் பிறந்தால் கால் தரையில் நிற்காது. போகிறவர்கள் போகாதவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாவியை வாங்கி வைத்தவள் விளக்கேற்றுவாள், எலி வந்ததா என்று பார்ப்பாள், செடி இருந்தால் தண்ணீர் ஊற்றுவாள். திரும்பி வரும்போது அவளுக்கு அரைக் கிலோ அல்வா. சந்தில் இது எழுதாத சட்டம். கனகவள்ளி சாவியைக் கொடுத்ததெல்லாம் மீனாட்சியம்மாளிடம்தான்.

இப்போது யாரிடம் கொடுப்பது? சாவி போகட்டும், இடுப்பில் செருகிக்கொள்ளலாம். செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? மூன்று வாரம், அதுவும் இந்த வெயிலில். கறிவேப்பிலை தாங்காது.

சஃபீனாவிடம் கேட்கலாம் என்றுதான் போனாள். மணியடிக்கக் கையைத் தூக்கிவிட்டாள். கேட்க வேண்டியதை இந்தியில் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள், பாதியில் அறுந்தது. சரியாகச் சொல்லாமல் அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டால்? சரி என்று சொல்லிவிட்டு முனகிக்கொண்டே செய்தால்? அதைவிட, முடியாது என்று சொல்லிவிட்டால்? நாளைக்கு அதே நடையில்தானே முழிக்க வேண்டும். தூக்கிய கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். இந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. யாரிடமும் எதுவும் கேட்காமலே வாழக் கற்றுவிட்டவள்.

தோட்டக்காரர் இருக்கக் கவலை என்ன? மாட்டுங்காவுக்குப் போய்ப் பை பையாகச் சருகு கொண்டுவந்தாள். இளநீர்க் கடையில் மட்டையைக் கேட்டு வாங்கி நாராகப் பிரித்தாள். எல்லாத் தொட்டியிலும் கையளவு உயரத்துக்கு மூடாக்குப் போட்டாள். கறிவேப்பிலைக்கு அதுவும் போதாது என்று தோன்றியது. டிரம்மைச் சாய்த்து, அடியில் இருந்த ஓட்டைகளைச் சுயம்புவின் பழைய லுங்கியைக் கிழித்து இறுக அடைத்தாள். ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது. தோட்டக்காரர் சொல்லாத வேலை இது, அவளாகக் கண்டுபிடித்தது. கடைசியாகக் குடம் குடமாக ஊற்றிவிட்டு, யார் தயவும் வேண்டாம் என்று ரயிலேறினாள்.

ஊரில் கொடை நன்றாக நடந்தது. வில்லுப்பாட்டு, படைப்பு, ஊர்வலம், எதற்கும் குறைவில்லை. நாத்தனார் வீட்டில் தங்கினாள். வந்த மறுநாளே, "எப்ப மைனி திரும்புதிய?" என்று கேட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாய் போடுகிற கணக்குக்காகக் கேட்டார்கள். தன் செடிகளைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதுபாட்டுக்கு நிற்கும் என்றாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

திரும்பும்போது திருநெல்வேலியில் அரைக் கிலோ அல்வா வாங்கினாள். ரயில் கிளம்பிய பிறகுதான் இதை யாருக்கு வாங்கினோம் என்று யோசித்தாள். கைப் பழக்கம், வேறென்ன.

லிஃப்ட்டை விட்டு இறங்கி நடைக்குள் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. கறிவேப்பிலை நின்ற இடத்தில் குச்சிதான் நின்றது. இலையெல்லாம் மஞ்சளாகிக் கருகி மூடாக்கின் மேல் உதிர்ந்து கிடந்தது. நுனிக் கிளையில் மட்டும் ரெண்டு இணுக்கு தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டதும் அதுவும் கையோடு வந்துவிட்டது. துளசியும் ரோஜாவும் பிச்சியும் சோர்ந்திருந்தாலும் உயிரோடு இருந்தன.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூடாக்குக்குள் கையை விட்டாள். வெயில் பட்டு மேல் சருகு மொறுமொறுவென்று உடைந்தது. அதற்கடியில் மண் இல்லை, கூழ் இருந்தது. ஊறப்போட்டு மறந்துபோன உளுந்து மாதிரி ஒரு நாற்றம். நடுத்தண்டை அமுக்கினாள், தோல் நழுவியது. காய்ந்து சாகவில்லை, ஊறிச் செத்திருக்கிறது.

யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

பழைய சந்தில் ஒருத்திமேல் கோபம் என்றால் அவள் செடியில் கொதிக்கிற வடிகஞ்சியைக் கொட்டுவார்கள். அந்த ஞாபகம்தான் அவளுக்கு முதலில் வந்தது. யார் ஊற்றியது என்று நடையில் நின்று சத்தம் போட்டாள். "கோன் டாலா? பானி கோன் டாலா?"

எதிர்க் கதவு திறந்தது. சஃபீனா மாவுக் கையோடு வந்து நின்றாள். கனகவள்ளியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, அது நிஜம்.

"ஆப் ஆகயே? மைனே டாலா. ரோஜ் டாலா." தினமும் ஊற்றியது தான்தான் என்று சொல்லி, காலையும் மாலையும் என்று காட்ட, கையைக் குவளை மாதிரிச் சாய்த்து இரண்டு தடவை ஊற்றிக் காட்டினாள்.

கனகவள்ளிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, சொல்ல இந்தி இல்லை. புரியாத ஆளைத் திட்டுவதில் ஒரு வசதி உண்டு, பதில் வராது. குரலைத் தாழ்த்தி, செடியைப் பார்த்தபடியே தமிழில் சொன்னாள்.

"நாசமாப் போறவ. வளத்த செடிய கொன்னு போட்டுட்டு பல்லையும் காட்டிக்கிட்டு நிக்கா."

சஃபீனாவின் சிரிப்பு அடங்கியது.

"கொல்லணும்னு ஊத்தலக்கா" என்றாள் சஃபீனா. "வாடுதேன்னுதான் ஊத்துனேன்."

கனகவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள ஒரு வழி இருந்தால் அந்த நிமிஷம் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"ஒனக்கு... தமிழ் தெரியுமா?"

"எனக்கு கடையநல்லூரு. அவுகதான் இந்திக்காரவுக."

"பின்ன ஏன் இவ்வளவு நாளா இந்தில பேசுன?"

"நீங்க இந்தில கேட்டிய. நானும் இந்தில சொன்னேன்." சஃபீனா மாவுக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "ஒங்க வீட்டுல அந்தச் செடிக்காரரு பேசுவாருல்லா, என்ன சொல்லுதாருன்னு வெளங்காட்டாலும் அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். நம்ம பேச்சு காதுல விழுந்துகிட்டு இருக்கும். எங்க உம்மா மவுத்தாகி, பேச ஆளில்லாமப் போனதுக்கப்புறம் எனக்கு தமிழ்னா அதுதான். ரெண்டு நாளா சத்தத்தக் காணும். மேலுக்கு முடியாமக் கெடக்கியளோன்னு பெல் அடிச்சேன். தொறக்கல. கீழ ஓடிப்போயி வாட்ச்மேன் நாணுட்ட கேட்டேன். ஊருக்குப் போயிட்டாங்கன்னாரு."

கனகவள்ளியின் கண் டிரம் பக்கம் போயிற்று.

"செடியப் பாத்தா மேல பூரா காஞ்சு கெடக்கு. தொட்டா நொறுங்குது. வந்து பாத்தா ஒங்க மனசு என்ன பாடுபடும்னு ஊத்துனேன். எல மஞ்சளாச்சு, தண்ணி பத்தலன்னு இன்னும் ஊத்துனேன்." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லாக்கா."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள்கூட மெதுவாகத்தான் விழுந்தது. அதுதான் கனகவள்ளிக்குத் தாங்கவில்லை.

அவள் வீட்டுக்குள் போகாமல் டிரம்மைச் சாய்த்தாள். அடியிலிருந்து லுங்கித் துணியைப் பிடுங்கினாள். முதல் துணி வந்ததும் கறுத்த தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி நடையில் ஓடி சஃபீனாவின் வாசல்வரை போயிற்று. ஓட்டைகள் திறந்திருந்தால் இதெல்லாம் தானாக வடிந்திருக்கும். எவ்வளவு ஊற்றினாலும் செடி பிழைத்திருக்கும். அவள் ஊற்றியது அன்பாகத்தான், வடிய விடாமல் அடைத்து வைத்தது இவள். கனகவள்ளி முழங்காலிட்டு அந்தத் தண்ணீரை அதே லுங்கித் துணியால் துடைத்தாள். துடைக்கும்போது அழுகை வந்தது. செடிக்காகத்தான் அழுகிறோம் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். செடிக்காக இல்லை. தான் இல்லாதது ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது, அதற்காகக் கீழே வரைக்கும் ஓடியிருக்கிறாள். அவளைப் போய் நாசமாப் போறவள் என்று சொல்லியாயிற்று.

மறுநாள் அல்வாவை எடுத்துக்கொண்டு போய் மணியடித்தாள். சஃபீனா திறந்தாள். முகத்தில் கோபம் இல்லை, மரியாதை இருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

"நான்தாம்மா ஓட்டைய அடச்சு வச்சேன். தப்பு எம் மேலதான். நீ ஊத்துனதுல ஒண்ணுமில்ல. இந்தா, ஊர் அல்வா."

சஃபீனா கையை நீட்டவில்லை. "சாவி வாங்கி வச்சவளுக்குல்லாக்கா அல்வா? எங்கிட்ட நீங்க சாவியும் தரல, ஒண்ணும் தரல. எனக்கெதுக்கு?"

திருநெல்வேலிக்காரிக்குத் தெரியாதா திருநெல்வேலிச் சட்டம். கனகவள்ளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"கோவத்துல சொல்லலக்கா. நீங்க வருத்தப்படாதிய. ஆனா இனிமே ஒங்க செடிப் பக்கம் நான் வரமாட்டேன். எனக்கு அது புடிபடல. மேல பாத்தா ஒண்ணு இருக்கு, அடியில வேற இருக்கு. நான் எதக் கண்டேன்?" என்றாள் சஃபீனா. அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அல்வாவைக் கனகவள்ளியே தின்றாள். வீணாக்க முடியாதே. தின்று முடிக்க வெகுநாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு நடையில் இந்தியும் இல்லை, தமிழும் இல்லை. லிஃப்ட்டில் பார்த்தால் சஃபீனா தலையை அசைப்பாள். தண்ணீர் வந்ததா என்று கேட்க இவளுக்கும் நாக்கு வரவில்லை. எதிரே இருப்பவளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருந்த காலத்தில் இந்தத் தனிமைக்கு ஒரு சாக்காவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. ஒரு சுவர், ஒரு நடை, ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் தன் பேச்சைப் பேசுகிறவள் உட்கார்ந்து ரொட்டி தட்டுகிறாள். கனகவள்ளி தோட்டக்காரரைச் சத்தமாக வைத்துப் பார்த்தாள். அவள் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வெறும் நினைப்பில் எத்தனை நாள் ஓட்டுவது?

மிச்சத் தொட்டிகள் தேறிவிட்டன. துளசி தளிர்த்தது, பிச்சியில் மொட்டு வைத்தது. மூடாக்கு தன் வேலையைச் சரியாகச் செய்தது. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், செடிகள் அதுபாட்டுக்கு இருந்தன. நாலு நாளைக்கு ஒருமுறை குவளையோடு போய் நிற்பாள். எதிர்க் கதவு மூடியிருக்கும். ஊற்றிவிட்டு வருவாள்.

"மூடாக்குப் போட்டுட்டீங்கன்னா நீங்க நிம்மதியா இருக்கலாம் உறவுகளே" என்றார் தோட்டக்காரர் ஒருநாள். "செடி உங்களத் தேடாது."

கனகவள்ளி போனை எடுத்து அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். இதுவரை அந்த மனுஷனை அவள் அப்படிச் செய்ததே இல்லை.

புடவைப் பையை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். துளசித் தொட்டி முன்னால் உட்கார்ந்து சருகை அள்ளினாள். அடியில் மக்கிப்போன அடுக்கு கறுப்பாக, நல்ல மண் வாசனையோடு வந்தது. வெளிச்சம் பட்டதும் மண்புழுக்கள் அவசர அவசரமாக உள்ளே போயின. கை ஒரு நிமிஷம் நின்றது. எத்தனை நாள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இதை எடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், தோட்டக்காரர் நூறு தடவை சொன்னதுதான். மண் வெளுக்கும், இறுகும், வெடிக்கும். பொழுதுக்கும் தண்ணீர் கேட்கும். தெரிந்துதான் அள்ளினாள். ரோஜாவிலிருந்து அள்ளினாள், பிச்சியிலிருந்து அள்ளினாள். ஒரு சருகு விடாமல் சுரண்டிப் பையில் போட்டுக் கட்டினாள்.

மத்தியான வெயில் ஜாலிச் சுவர் வழியாக வந்து தொட்டிகளில் விழுந்தது. தைக்க வேண்டிய புடவையை மடியில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தையல்கூடப் போடவில்லை. சாயங்காலம் ஆவதற்குள் மண் மேலே சாம்பல் நிறமாகிவிட்டது. துளசியின் இலை லேசாகத் தொங்கியது.

எழுந்து போய் எதிர் மணியை அடித்தாள். இந்தத் தடவை மனசுக்குள் எதையும் கூட்டிப் பார்க்கவில்லை.

சஃபீனா திறந்தாள். "என்னக்கா?"

"செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

"நான்தான் அன்னைக்கே சொல்லிட்டேனே..."

"வந்து பாரு. பாத்துட்டு மாட்டேன்னு சொல்லு."

சஃபீனா வாசலைத் தாண்டி வந்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். குனிந்து ரோஜாத் தொட்டி மண்ணில் விரலை வைத்தாள். மேலே என்ன இருந்ததோ அதுதான் அடியிலும் இருந்தது, காய்ந்த மண்.

"சருக எங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்தா இந்த வெயில்ல வெந்துராதா?"

"வெந்துரும்" என்றாள் கனகவள்ளி. "தெனமும் ஊத்தணும். காலையும் சாயங்காலமும், ஒரு நாள் விட முடியாது." அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "என்னால ஒத்தைல முடியாதும்மா."

சஃபீனா விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கனகவள்ளியைப் பார்த்தாள். உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது. அடுப்படியில் வாளியை இழுத்துக் குழாய்க்கு அடியில் வைக்கிற சத்தம் கேட்டது.